தேர்தல் மனுவும் காலவரையறையும்

தேர்தலில் அநீதி நேர்ந்ததெனக் கருதுவோர் உடனே நியாயஸ்தலத்தை நாடலாமென்பது பலர் எண்ணம். இந்தியச் சட்டமோ அதற்கு இடந்தரவில்லை. 1951ஆம் ஆண்டில் சேலம் ஜில்லா நாமக்கல் தொகுதியிற் சட்டசபைக்கு நிற்க முயன்ற பொன்னுசாமி என்பாரது நியமனப் பத்திரம் நிராகரிக்கப்பட்டது. அவர் செய்துகொண்ட மனுவைச் சென்னை ஹைகோர்ட்டு, தனக்கு அதிகாரமில்லையெனத் தள்ளியது. 1952இல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதிசெய்தது. அறிவிப்பு முதல் முடிவு வரையுள்ள யாவும் தேர்தலேயாம்; அதனைக் குறித்த வழக்கு, அரசியலமைப்பின் 329ஆம் பிரிவின்படி, பின்னர்த் தேர்தல் மனுவின் வாயிலாகவே நடைபெறல் வேண்டும். காரணம் யாதெனின், இடையிடையே தடையுத்தரவுகள் பிறக்குமாயின் சட்டசபை உரிய காலத்திற் கூடவியலாது.

பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல் மனுக்களை முன்னர்த் தனி விசாரணை மன்றங்கள் கேட்டன. 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஹைகோர்ட்டுகளே கேட்கின்றன. வென்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மனுவைக் கொடுத்தல் வேண்டும். பிற வழக்குகளிற்போல், தக்க காரணங்காட்டினும் தாமதத்தைப் பொறுக்க இங்கு வழியில்லையெனச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒருநாள் பிந்தினும் நியாயமான குறையுங்கூடக் கேளாதே ஒழியும்.

ஆதலின், உரிமையை அறிந்தாற் போதாது. அதனைக் கேட்கும் இடத்தையும் நாளையும் அறிதல் நற்குடிகளின் கடமையாம்.