மறக்காத நகரம் வேண்டும்

பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு காலத்தின் போக்கை ஓரளவு அறிந்துகொள்ளலாம் என்பர் பெரியோர். கிட்டிப்புள்ளும் கோலியும் பம்பரமும் ஆடிய நம் தெருக்களில், இன்று நான்கு சிறுவர் ஒன்றுகூடி ஒரே கைப்பேசியை உற்றுநோக்கி அமர்ந்திருக்கக் காண்கிறோம். கிளியனூர்ச் சாலையோரத்துக் கடைத்திண்ணைகளிலும், கிழக்கே மரக்காணத்து உப்பளங்களை அடுத்த குப்பங்களிலும் இக்காட்சிக்குக் குறைவில்லை. அவர்களுடைய பேச்சில் சில காலமாக ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ‘ஜி.டி.ஏ. ஆறு’ என்பதே அப்பெயர். அஃது என்ன, அதனை எதிர்நோக்கியிருப்போர் அதனிடம் எவற்றையெல்லாம் கேட்கின்றனர் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரைகிறோம்.

பிழையில் பிறந்த விளையாட்டு

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்னும் தொடர், அமெரிக்கச் சட்ட வழக்கில் வாகனத் திருட்டைக் குறிப்பது. அதனையே பெயராகக் கொண்டு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் என்னும் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் இவ்வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டது. தொடக்கத்தில் அது காரோட்டமும் துரத்தலும் கொண்ட எளிய ஆட்டமாகவே திட்டமிடப்பட்டிருந்தது. சோதித்துப் பார்க்கும்போது நிரலில் நேர்ந்த ஒரு பிழையால், காவலரின் கார்கள் வெறிகொண்டவைபோல் ஆட்டக்காரரின் காரை மோதித் தள்ளத் தலைப்பட்டன. ஆடிப் பார்த்தவர்களுக்கு அதுவே பெருஞ்சுவையாயிற்று. அவ்வாறு அமைந்த துரத்தலே பின்னர் விளையாட்டின் உயிர்நாடி ஆயிற்று என்று, அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி பென் கூறியுள்ளார்.

2001-இல் வந்த மூன்றாம் பாகம் முப்பரிமாண நகரம் ஒன்றை ஆட்டக்காரரின் கையில் கொடுத்தது. 2002-இல் ‘வைஸ் சிட்டி’யும் 2004-இல் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ என்பதும் தொடர்ந்தன. இன்று முப்பதைக் கடந்து நிற்கும் நம் இளைஞர் பலர், பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியது அந்த ‘வைஸ் சிட்டி’யைத்தான். 2013 செப்டம்பர் 17-இல் வெளியான ஐந்தாம் பாகம் மூன்றே நாளில் நூறு கோடி டாலர் விற்பனையைத் தொட்டது. இதுகாறும் 20 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றுள்ளது. இவற்றை வெளியிடும் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனத்திற்குப் பெங்களூரிலும் ஒரு கூடம் உண்டு. 1997-இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்னும் நம் நாட்டு நிறுவனத்தையும் 2019-இல் வாங்கி அதனோடு இணைத்துக்கொண்டனர். ஆகவே இதனைக் கடல்கடந்த நாட்டார் செய்த பண்டம் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் அண்டை மாநிலத்து இளைஞரின் உழைப்பும் இதில் கலந்திருக்கிறது.

ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பர் 4-ஆம் நாளும், இரண்டாவது 2025 மே 6-ஆம் நாளும் வெளிவந்தன. வெளியீட்டு நாள் தள்ளித் தள்ளிப் போய், 2026 நவம்பர் 19 என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கதை நிகழுமிடம் லியோனிடா என்னும் கற்பனை மாநிலம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பார்த்துச் செய்தது. கடற்கரை நகரமும், சதுப்பு நிலமும், முதலைகளும், தீவுக்கூட்டமும் அதில் உண்டு. கழுவெளியையும் கடலையும் அருகருகே கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்நிலத்தோற்றம் முற்றிலும் அந்நியமாக இராது. லூசியா என்னும் பெண்ணும் ஜேசன் என்னும் ஆணும் கதையின் தலைமக்கள். இருவரும் குற்றவாழ்வில் அகப்பட்டவர்கள்.

இவ்வகை விளையாட்டைத் ‘திறந்த உலகு’ என்று வழங்குவர். சதுரங்கத்தைப்போல் கட்டங்களுக்குள் அடங்காமல், ஒரு நகரத்தையே திறந்துவிட்டு, வேண்டிய திசையில் போகலாம், வேண்டியதைச் செய்யலாம் என்று ஆட்டக்காரரை விட்டுவிடுவதால் அப்பெயர் அமைந்தது.

நட்சத்திரமும் வண்ணப்பூச்சும்

அந்நகரத்தில் ஆட்டக்காரர் குற்றம் செய்தவுடன் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் தோன்றும். ‘வைஸ் சிட்டி’யில் ஆறு வரையிலும், ஐந்தாம் பாகத்தில் ஐந்து வரையிலும் அவை ஏறும். ஒரு நட்சத்திரத்திற்குக் காவலர் சிலர் வருவர். மேலும் ஏறினால் ஹெலிகாப்டர் வரும். ‘வைஸ் சிட்டி’யில் ஆறும் நிறைந்தால் இராணுவமே வந்துவிடும். இத்தனைக்கும் தப்பும் வழி எளிது. வண்ணம் பூசும் கடைக்குள் காரை ஓட்டிச் சென்று வேறு நிறம் பூசிக்கொண்டால் தேடுதல் நின்றுவிடும். வருத்தமும் வேண்டியதில்லை, ஈடுசெய்தலும் வேண்டியதில்லை. அகப்பட்டாலோ, படைக்கலங்களைப் பறித்துக்கொண்டு காவல் நிலைய வாயிலில் விட்டுவிடுவர். இறந்தாலோ மருத்துவமனை வாயிலில் எழுந்து நடக்கலாம்.

இவ்வேற்பாட்டைத்தான் ஆட்டக்காரர் பலர் மாற்றச் சொல்கின்றனர். ஆளில்லாத இடத்தில் நடந்த குற்றத்தைக் காவலர் எவ்வாறு அறிவர் என்று வினவுகின்றனர். எவரேனும் கண்டு, முறையிட்டு, அதன் பின்னரே காவலர் வரவேண்டும். உடையின் நிறத்தையும் வண்டியின் எண்ணையும் சாட்சி சொன்னபடியே தேடவேண்டும். சிறு தவறுக்கு அபராதமும் பெருங்குற்றத்திற்குச் சிறையும் இருக்கவேண்டும். கைகளை உயர்த்திச் சரணடையவும் வழி வேண்டும் என்பன அவர்களுடைய வேண்டுகோள்கள்.

இவற்றுக்கு முன்மாதிரியும் இல்லாமல் இல்லை. இதே நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்னும் விளையாட்டில், குற்றத்தைக் கண்டவர் ஓடிச் சென்று காவலரிடம் சொல்வார். குற்றவாளியின் தலைக்கு விலை ஏறும். ஆட்டக்காரரின் நடத்தைக்கு மதிப்பளிக்கும் ஓர் அளவுகோலும் அதில் உண்டு. நன்னடத்தை உயர்ந்தால் கடைகளில் விலை குறைத்துக் கொடுப்பர். அவ்வமைப்பு ஆறாம் பாகத்திலும் வரவேண்டும் என்பது பலருடைய விருப்பம். இவையாவும் விருப்பங்களே என்பதையும், நிறுவனத்தார் ஒப்புக்கொண்ட செய்திகள் ஆகா என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

நகரத்தின் நினைவு

மற்றொரு வேண்டுகோள் இன்னும் கவனத்திற்குரியது. பழைய பாகங்களில் ஒரு தெருவில் கார்கள் நொறுங்கிக் கிடக்கும். மக்கள் வீழ்ந்து கிடப்பர். ஆட்டக்காரர் நாலு தெரு சுற்றித் திரும்பி வந்தால் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கணினியின் நினைவகத்திற்கு எல்லை உண்டு. ஆதலின் கண்ணுக்கு அப்பாற்பட்டவற்றை அழித்துவிட்டு, எதிரில் வரப்போகின்றவற்றுக்கு இடம் செய்வார்கள். தெருவில் நடக்கும் மனிதருக்கும் வீடு இல்லை, பெயர் இல்லை, நேற்று என்பதும் இல்லை.

இந்நிலை மாறவேண்டும் என்கின்றனர் ஆட்டக்காரர். கொள்ளையிட்ட கடைக்கு மறுநாள் சென்றால் கடைக்காரர் முகத்தை அடையாளம் காணவேண்டும். நகர மக்கள் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பவேண்டும். வெறும் முகப்பாய் நிற்கும் கட்டடங்களுக்குள் நுழைய வழி வேண்டும். ‘சான் ஆண்ட்ரியாஸ்’ ஆட்டத்தில் மிகுதியாக உண்டால் உடல் பருப்பதும், பயிற்சி செய்தால் இறுகுவதும் உண்டு; அது திரும்ப வரவேண்டும். ஒருவன் பத்துத் துப்பாக்கிகளைச் சட்டைப்பையில் சுமப்பது நம்பத்தக்கதன்று. கையில் சிலவும் வண்டியில் மற்றவையும் இருக்கட்டும். லூசியாவுக்கும் ஜேசனுக்கும் இடையிலான நம்பிக்கை, அவர்கள் நடந்துகொள்ளும் முறைக்கேற்ப வளரவும் தேயவும் வேண்டும்.

நேர்மையான தொழில்களையும் பலர் கேட்கின்றனர் என்பது நமக்கு வியப்பாய் இருந்தது. பழைய பாகங்களில் டாக்சி ஓட்டலாம். ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றிச் செல்லலாம். தீயணைப்பு வண்டியில் சென்று தீயை அவிக்கலாம். ‘வைஸ் சிட்டி’யில் பீட்சா கொண்டு கொடுக்கலாம். அவற்றை விரிவாக்கித் தரவேண்டும் என்பது பழைய ஆட்டக்காரரின் நெடுநாள் ஆசை. கொள்ளையடிக்கக் கட்டிய நகரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டக் கேட்கும் பிள்ளையைப் பற்றி நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இவர்கள் யாவரும் அறத்தை நாடியே இவ்வாறு கேட்கின்றனர் என்று நாம் சொல்ல வரவில்லை. எளிதில் தப்பினால் சுவை இல்லை என்பதே பலருக்குக் காரணம். எனினும், என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாத உலகம் ஆட்டக்காரர்க்கே சலித்துவிட்டது என்பது இவ்வேண்டுகோள்களிலிருந்து தெளிவாகிறது. தம் செயலை யாரேனும் காணவேண்டும், நினைவில் வைக்கவேண்டும், அதற்கு விளைவு இருக்கவேண்டும் என்று அவர்களே கேட்கின்றனர். நாம் பிள்ளைகளுக்கு மனச்சாட்சி என்று எதைச் சொல்லிக்கொடுக்க முயல்கின்றோமோ, அதன் நிழல் இவ்விருப்பத்தில் தென்படுகிறது.

நம் கடற்கரையில்

விளைவு என்பது யாது என அறிய நம் பகுதியார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்க்கு அது பணம் பார்க்கும் வழி. அடுத்த தெருவுக்குச் சென்று திரும்பினால் மறைந்துவிடுவதற்கு அங்கே மாண்டவர் திரைப்பொம்மைகள் அல்லர். அவ்வீடுகளில் தாயும் பிள்ளைகளும் அந்த மே மாதத்தை இன்றும் சுமந்தே வாழ்கின்றனர்.

சாலையையும் எண்ணிப் பார்ப்போம். திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலை கிளியனூர் வழியே செல்கிறது. விளையாட்டில் மோதி வீழ்ந்தவன் எழுந்து அடுத்த வண்டியை எடுப்பான். இச்சாலையில் வீழ்ந்தவன் எழுவது உறுதியன்று. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். வண்டிச் சாவியைக் கொடுக்கும் தந்தை இதனை மறத்தலாகாது.

பெற்றோர் செய்யத்தக்கன

இவ்வரிசை விளையாட்டுகள் வளர்ந்தோர்க்கென்றே செய்யப்பட்டவை. ஐந்தாம் பாகத்திற்கு அமெரிக்காவில் 17 வயதும் ஐரோப்பாவில் 18 வயதும் எல்லையாகக் குறித்துள்ளனர். கொலை, போதைப்பொருள், ஆபாசம் ஆகியவை அதில் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது உரியதன்று என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

அடுத்தது, பணத்தைப் பற்றியது. ஆறாம் பாகம் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகிய கருவிகளுக்கென்றே அறிவிக்கப்பட்டுள்ளது. கைப்பேசிக்கென ஒரு பதிப்பு அறிவிக்கப்படவில்லை. அக்கருவியின் விலையோ பல்லாயிரம் ரூபாய் அளவில் நிற்கிறது. மழை பிடித்தால் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளியின் வீட்டில் அதற்கு இடமேது? ஆகவே நம் பிள்ளைகள் அதனைக் கைப்பேசியில் தேடுவர். ‘ஜி.டி.ஏ. ஆறு, கைப்பேசியில் இலவசம்’ என்னும் அழைப்புகளை நம்பி, கண்டதையெல்லாம் இறக்கிக்கொள்வர். அத்தகைய கோப்புகளின் வழியே கைப்பேசியில் உள்ள வங்கிச் செய்திகள் களவுபோகக்கூடும். குடும்பத்தின் வங்கிக் கணக்கும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே கைப்பேசியில் இருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். செயலிகளைக் கைப்பேசியின் முறையான அங்காடியிலன்றி வேறு எங்கிருந்தும் இறக்கலாகாது என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். பணம் பறிபோனது தெரிந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. பிடுங்கிய வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்க்கும். பத்தாம் வகுப்பைத் தாண்டிய மகனாயின், ஒரு மாலை அவன் அருகில் அமர்ந்து, “தம்பி, அந்த நகரத்தில் எதை மாற்றவேண்டும் என்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். காவலர் சாட்சியைக் கேட்கவேண்டும், கடைக்காரர் மறக்கக்கூடாது என்று அவன் சொல்லக்கூடும். ஏன் என்று அடுத்து வினவுங்கள். அவன் சொல்லும் விடையைக் கண்டிக்காமல் முழுதும் கேளுங்கள். திருட்டைப் பற்றியும், சாட்சி சொல்வதைப் பற்றியும், எக்கியார்குப்பத்தைப் பற்றியும் தந்தையும் மகனும் பேசத் தொடங்குவதற்கு, இதனினும் நல்ல வாயில் எளிதில் கிட்டாது.