தரவுத்தளச் சுட்டு

தரவுத்தளச் சுட்டு அல்லது இன்டெக்ஸ் என்பது தரவுத்தள அட்டவணையில் வேண்டிய பதிவுகளை விரைந்து கண்டறிய உதவும் துணைத் தரவுக் கட்டமைப்பு ஆகும். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு சொற்களைப் பக்க எண்களுடன் இணைப்பது போல, சுட்டு நிரல்களின் மதிப்புகளைப் பதிவுகளின் இருப்பிடத்துடன் இணைக்கிறது.

செயற்படும் முறை

சுட்டு இல்லாதபோது ஒரு பதிவைத் தேட, அட்டவணை முழுவதையும் படிக்க நேரிடும். பெரும்பாலான தரவுத்தளங்கள் பி-மரம் என்னும் கட்டமைப்பை அல்லது அதன் வகைகளைப் பயன்படுத்துகின்றன. ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் ஆகியோர் போயிங் நிறுவனத்தில் உருவாக்கிய இம்முறை பற்றிய ஆய்வுக்கட்டுரை 1972-இல் ஆய்விதழில் வெளியானது. ஒவ்வொரு கணுவுக்கும் 100 கிளைகள் இருப்பின், மூன்று மட்டங்களில் 10 இலட்சம் பதிவுகளை அடையலாம்.

கூட்டுச் சுட்டு

ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்களைக் கொண்டது கூட்டுச் சுட்டு எனப்படும். தமிழ்நாட்டின் நிலப் பதிவேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பட்டா விவரத்தை இணையத்தில் பார்வையிடுவோர் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தெரிவு செய்த பின்னரே புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தருகின்றனர். புல எண்கள் கிராமந்தோறும் தனித்தனியே இடப்படுவதால், செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம் ஆகிய இரு ஊர்களிலும் ஒரே எண் வரக்கூடும். புல எண்ணுக்கு மட்டும் சுட்டு அமைத்தால் பல ஊர்களின் பதிவுகள் கலந்து கிடைக்கும். கிராமம், புல எண், உட்பிரிவு என்ற வரிசையில் அமைத்தால் தேடல் நேரடியாக உரிய பதிவைச் சென்றடையும். ஆயினும் கிராமத்தைக் குறிப்பிடாத வினவலுக்கு இச்சுட்டு பெரும்பாலும் பயன்படாது.

மாறும் மதிப்புகள்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டக் குறியீட்டை முதல் நிரலாகக் கொண்ட சுட்டு ஒன்றில், இத்தகைய மாற்றத்தின்போது இடம் மாறிய ஒவ்வொரு நிலத்தின் உள்ளீட்டையும் நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டும். கிராமத்துக்கு மாறாத தனிக் குறியீடு அளித்து அதனை முதல் நிரலாக்கினால், கிராமங்களின் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதுமானது.

குறைகள்

சுட்டுகள் கூடுதல் சேமிப்பிடத்தை எடுத்துக்கொள்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையோர நிலம் ஒன்று பல மனைகளாக உட்பிரிவு செய்யப்படும்போது, புதிய பதிவுகளுடன் அட்டவணையின் எல்லாச் சுட்டுகளும் புதுப்பிக்கப்பட வேண்டும். எனவே சுட்டுகள் மிகுந்தால் எழுதும் வேகம் குறையும். முன்னெழுத்துடன் தொடங்கும் பெயர் நிரலில் முன்னெழுத்து அறியாமல் தேடினால், அந்நிரலின் வழக்கமான சுட்டு உதவாது. ஒரு வினவல் சுட்டைப் பயன்படுத்துகிறதா என்பதை எக்ஸ்பிளெயின் கட்டளையால் அறியலாம்.