காமிராவின் கண்

பிலிம் எஸ்.எல்.ஆர். காமிரா வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எந்தக் காமிரா?" என்பதே. "எந்த லென்ஸ்?" என்று கேட்டவர் இதுவரை ஒருவர்தாம், அவர் எங்கள் துறைப் பேராசிரியர். ஒளியியல் நடத்துபவர் வேறு எதைக் கேட்பார்! ஆயினும் அவர் கேட்டதே சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

கைப்பேசி இருக்கையில் பிலிம் எதற்கு என்னும் வழக்கைப் பட்டிமன்றத்திற்கு விட்டுவிடுகிறேன். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் விழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பிலிமில் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விடுமுறைகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் ஒருமுறை வாங்கத்தான் போதும்.

பிலிம் காமிராவின் உடல் என்பது ஒளி புகாத பெட்டி. அதில் ஒரு ஷட்டர், பிலிமை நகர்த்தும் பொறி, நாம் பார்ப்பதற்கு ஓர் ஆடியும் பட்டகமும். டிஜிட்டல் காமிராவில் உடலை மாற்றினால் சென்சாரும் மாறிவிடும். இங்கோ, விலை மிகுந்த உடலிலும் மலிவான உடலிலும் ஓடுவது ஒரே பிலிம்தான். அதன்மீது உருவத்தை எழுதுவது லென்ஸ். 1950-இல் 'லைஃப்' இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கார் லென்ஸ்களைக் கண்டு வியந்து, அவற்றைத் தம் ஜெர்மானிய லைக்கா காமிராவில் பொருத்திக்கொண்டே கொரியப் போருக்குச் சென்றார். நிக்கார் லென்ஸ்களின் புகழ் உலகெங்கும் பரவியது அப்போதுதான்.

சரி, நல்ல லென்ஸ் எது? ஒற்றைக் கண்ணாடி வில்லையில் கோளப் பிறழ்ச்சியும் நிறப் பிறழ்ச்சியும் இருக்கும் என்று முதலாண்டிலேயே படித்தோம். அவற்றைத் திருத்தப் பல வில்லைகளைச் சேர்க்க வேண்டும். 1896-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் ஆறு வில்லைகள் கொண்ட 'பிளானார்' லென்ஸை வடிவமைத்தார். கணக்கில் அருமையான லென்ஸ். ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் அதில் எட்டு. ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். எட்டையும் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போனது போகட்டும் என்றாலும், அது உள்ளேயே அலைந்து படத்தின் மீது வெண்புகைபோல் படிகிறது. ஆகவே 1902-இல் அவரே தந்த, நான்கே வில்லைகள் கொண்ட 'டெஸ்ஸார்'தான் அன்று பெரிதும் விற்றது. 1935-இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சு ஏற்றி இந்த எதிரொளிப்பைக் குறைத்தார். பிளானார் வடிவம் உயிர் பெற்றது. 1970-களின் 50 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலானவை, எந்த நிறுவனத்தினுடையவை ஆயினும், அதன் வழித்தோன்றல்களே.

ஆதலால் 50 மி.மீ. லென்ஸை வைத்து நிறுவனங்களை ஒப்பிடுவதில் பயன் குறைவு. துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் எல்லாம் ஒன்றுபோலவே எழுதும். கூத்துக் களத்தில் அது நடக்காது. 400 வேகப் பிலிம் போட்டாலும் துளையை முழுதாகத் திறந்தாக வேண்டும். விளக்குகளோ படத்துக்குள்ளேயே நிற்கும். அங்கேதான் லென்ஸின் குலம் தெரியும்.

உண்மையான தேர்வு 28 மி.மீ. போன்ற அகன்ற கோண லென்ஸில் இருக்கிறது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஆடி மேலெழ இடம் வேண்டும். நிக்கான் உடலில் பொருத்து வளையத்திலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ.; 28 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ் அதற்கு வெளியே எப்படி நிற்கும்? 1950-இல் பிரான்ஸின் ஆஞ்செனியூ, முன்பக்கம் குழிவில்லைகளை வைத்து இதற்கு வழி கண்டது. ஆனால் அந்த வழி பிறழ்ச்சிகளைப் பெருக்கும். அவற்றை அடக்குவதில்தான் ஒரு நிறுவனத்தின் திறமை வெளிப்படும். 1981-இல் வந்த நிக்கார் 28 மி.மீ. எஃப் 2.8 ஏ.ஐ.-எஸ். லென்ஸில், அருகிலிருப்பதை எடுக்கும்போது வில்லைகளின் இடைவெளியே மாறும், 20 செ.மீ. தூரம் வரை கூர்மை குறையாது. என் மனம் சென்றது இதனிடமே.

அடுத்தது பொருத்து வளையம், அதாவது மவுண்ட். இது திருமணம்போல; எளிதில் விலக முடியாது. கேனான் 1971-இல் தொடங்கிய எஃப்.டி. மவுண்டை 1987-இல் கைவிட்டு இ.எஃப். மவுண்டுக்கு மாறியது. முன்னதில் தூரம் 42 மி.மீ., பின்னதில் 44. அந்த 2 மி.மீ. போதும்; பழைய லென்ஸை வெறும் வளையத்தால் புதிய உடலில் மாட்டினால் தொலைவிலுள்ள எதுவும் தெளியாது. பெட்டி நிறைய லென்ஸ் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! நிக்கானின் எஃப் மவுண்டோ 1959 முதல் 2020-இல் எஃப் 6 விற்பனை நிற்கும் வரை பிலிம் காமிராக்களில் தொடர்ந்தது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 1977-க்கு முற்பட்ட மாற்றப்படாத லென்ஸ்கள் எஃப்.எம். உடலில் ஏறும், எஃப்.எம். 2-இல் ஏறா. ஸைஸ் லென்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் விலைமிக்க கான்டாக்ஸ் உடலைத் தேட வேண்டியதில்லை. அதே மவுண்ட் கொண்ட எளிய யாஷிகா எஃப்.எக்ஸ். 3 போதும். வேதியியல் துறை நண்பர் ஒலிம்பஸ் ஓ.எம். 1-இன் எடைக்குறைவைப் பாடிக்கொண்டே இருக்கிறார். அவருக்குத் தோள் வலி போலும்.

நான் முடிவு செய்தது: பழைய எஃப்.எம். உடல், மேற்சொன்ன 28, எளிய 50 மி.மீ. எஃப் 2. வாங்குமுன் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோல் படர்ந்திருக்கும். அது பூச்சை அரித்துவிட்டிருந்தால் துடைத்தும் பயனில்லை. பென்டாக்ஸ் சூப்பர்-டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 பழுப்பேறியிருந்தால் அஞ்ச வேண்டாம். கண்ணாடியிலுள்ள தோரியத்தின் வேலை அது, சில நாள் வெயிலில் வைத்தால் பெரிதும் தெளியும்.

வாங்கியபின் ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, காமிராவை நேராக நிறுத்தி, முழுத் துளையில் ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளும் சமமாக மங்கினால் லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும். கடைக்காரர் சொன்ன கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.