சிவப்புச் சட்டைக்காரர்களின் பின்னே

முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, பக்கத்துக்குப் பதினைவர் மோதும் ஆட்டம் ரக்பி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் ஆண்டுதோறும் தம்முள் பொருதுபவை. ஆயினும் நான்காண்டுக்கொருமுறை அவற்றின் சிறந்த ஆட்டக்காரர்கள் ‘லயன்ஸ்’ என்று ஒரே குழுவாகி, சிவப்புச் சட்டை அணிந்து தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என முறைவைத்துச் செல்வர். இத்தகைய பயணங்கள் 1888இல் தொடங்கின.

2017இல் நியூசிலாந்து சென்ற அக்குழுவைத் தொடர்ந்து நானும் நண்பர் இருவரும் போனோம். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் டப்ளின்காரர். அவ்வாண்டு மார்ச்சில் அயர்லாந்து இங்கிலாந்தை 13-9 என வென்றபின் ஒரு வாரம் பேசிக்கொள்ளாதவர்கள்! வாடகை வேனிலேயே சமையல், படுக்கை. ஜூன் அங்கே குளிர்காலம் என்பதை நான் மறந்திருந்தேன். கம்பளி கொடுத்தவர் டப்ளின்காரர்.

முதற்போட்டியில் 30-15 என்று தோல்வி. வெலிங்டனில் 24-21 என்று வெற்றி. ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் இறுதிப்போட்டி. 77ஆம் நிமிடத்தில் ஆங்கிலேயரான ஓவன் ஃபாரெல் பெனால்டி உதைக்க நின்றார். டப்ளின்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பந்து கம்பங்களிடையே பறந்தது. 15-15! தொடரும் சமன்.

கைதட்டுவதா, வருந்துவதா என்று எவருக்கும் விளங்கவில்லை. கீரன் ரீடும் வேல்ஸ்காரரான சாம் வார்பர்டனும் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினர். இரு குழுவினரும் கலந்து நின்று படமெடுத்துக்கொண்டனர். வேனுக்குத் திரும்பும்போதே என் நண்பர்கள் அடுத்த மார்ச் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டனர்.