திரையில்லாப் பெட்டிக்குள் ஒரு முழு இயங்குதளம்

வீட்டில் வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்தில், வன்தட்டைச் சுமந்தபடி ஒரு சிறு பெட்டி மினுக்கிக்கொண்டிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குடும்பப் படங்கள், அப்பாவின் அலுவலகக் கோப்புகள், தம்பியின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கும். வலையமைப்புச் சேமிப்பகம் என்று அதைச் சொல்லலாம். திரையும் விசைப்பலகையும் கிடையாது என்றாலும் அது ஒரு முழுமையான கணினி. அதற்குள்ளும் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. தயாரித்த நிறுவனம் ஒருநாள் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பெட்டி தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க யாரும் இருக்கமாட்டார்கள். நம் படங்களோ அதற்குள்ளேயே இருக்கும்.

இந்தக் கேள்விக்குச் சில தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதிலைச் செய்து காட்டினார்கள். லிங்க்சிஸ் நிறுவனம் 2004இல் என்.எஸ்.எல்.யூ.2 என்றொரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. இரண்டு யூ.எஸ்.பி. துளைகள், ஒரு வலையமைப்புத் துளை, 32 மெகாபைட் நினைவகம், 8 மெகாபைட் பிளாஷ் சேமிப்பு. அவ்வளவுதான். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களே அந்த 8 மெகாபைட்டை நிரப்பிவிடும். பெயரின் எழுத்துகளைச் சுருக்கி ஆர்வலர்கள் அதை ‘ஸ்லக்’ என்று அழைத்தார்கள். ஓடில்லாத நத்தை என்று பொருள். பெயர் பொருத்தமாகவே இருந்தது. 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய இன்டெல் நுண்செயலியை, தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் பாதி வேகத்தில்தான் ஓடவிட்டிருந்தார்கள். அதைத் தடுத்து வைத்திருந்தது பலகையிலிருந்த ஒரு குட்டி மின்தடை. அதைப் பெயர்த்து எடுத்தவர்களுக்கு முழு வேகமும் கிடைத்தது.

பெட்டிக்குள் ஏற்கெனவே லினக்ஸ் கெர்னல் இருந்தது. ஜி.பி.எல். உரிமத்தின்படி, அதற்கான மூல நிரலை நிறுவனம் வெளியிட வேண்டும், வெளியிட்டது. கதவு அங்கேதான் திறந்தது. முதலில் நிறுவனத்தின் மென்பொருளிலேயே ஒட்டு வேலைகள் நடந்தன. பிறகு, டெபியன் எனும் முழு இயங்குதளத்தையே இதற்குள் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் மார்ட்டின் மிக்ல்மயர். 2003 முதல் 2005 வரை டெபியன் திட்டத்தின் தலைவராக இருந்தவர். அந்த ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வையும் செய்துகொண்டிருந்தார். நானும் ஒரு மாணவன் என்பதால், இந்தத் தகவலைப் படித்தபோது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஓர் இயங்குதளத்தைப் புதிய வன்பொருளுக்குப் பெயர்ப்பது, நிரலை நகலெடுத்து ஒட்டும் வேலை இல்லை. ஸ்லக்கில் முதல் சிக்கல் எண்களை எழுதும் வரிசையிலேயே வந்தது. நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என எழுதுகிறோம். சில நாடுகளில் ஆண்டை முதலில் எழுதுகிறார்கள். பைட்டுகளை அடுக்குவதிலும் இதுபோல் இரண்டு மரபுகள் உண்டு. லிங்க்சிஸின் மென்பொருள் ஒரு மரபில் ஓடியது, டெபியன் மறு மரபில் இருந்தது. நுண்செயலிக்கு இரண்டும் தெரியும் என்பதால் பிழைத்தார்கள். ஆனாலும் பிளாஷில் எழுதும் முன் பைட்டுகளை இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

அடுத்தது, திரையே இல்லாத கணினியில் எப்படி நிறுவுவது? நிறுவல் நிரலைப் பெட்டிக்குள் ஏற்றியதும், அது வலையமைப்பில் வந்து காத்திருக்கும். வேறொரு கணினியிலிருந்து பாதுகாப்பான இணைப்பின் வழி உள்ளே நுழைந்து வேலையைத் தொடர வேண்டும். 32 மெகாபைட் நினைவகத்தில் எல்லாம் நடப்பதால் நிறுவி முடியப் பல மணி நேரம் பிடிக்கும். மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம்!

இவற்றையெல்லாம் உழைப்பால் கடந்துவிடலாம். உழைப்பால் மட்டும் கடக்க முடியாத ஒன்று இருந்தது, வலையமைப்புத் துளை. அது வேலை செய்ய இன்டெல்லின் சில்லுக்குள் ஒரு நுண்நிரலை ஏற்ற வேண்டும். அந்த நுண்நிரலின் மூலம் மூடியது. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தன் முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பது டெபியனின் கொள்கை. ஆக, 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 வெளிவந்து ஸ்லக்கை ஆதரித்தபோதும், அதன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பால் மட்டும் அந்தத் துளையை இயக்க முடியவில்லை. நுண்நிரலையும் சேர்த்த கோப்பைத் தன்னார்வலர்கள் தனியே தயாரித்துத் தந்தார்கள். பின்னாளில் துளைக்கான இயக்கியை முழுக்கத் திறந்த நிரலாக எழுதி லினக்ஸ் கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். நுண்நிரல் மட்டும் கடைசிவரை மூடியே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் நமக்குத் தெரியாத ஒரு மூலை! இது பிடிவாதம் என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று பயனருக்கு மறைக்காமல் காட்டியதே அந்தக் கொள்கையின் பயன்.

ஸ்லக்கில் கற்ற பாடம் அடுத்தடுத்த பெட்டிகளுக்குச் சென்றது. 2009இல் வந்த டெபியன் 5.0, கியூனாப் நிறுவனத்தின் டி.எஸ்.109, டி.எஸ்.209 பெட்டிகளிலும் ஓடியது. இதற்கும் முடிவு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கெர்னல் ஆண்டுதோறும் பருக்கிறது, பிளாஷில் அதற்கு ஒதுக்கிய இடம் பருப்பதில்லை. பழைய பெட்டியை வைத்துச் சோதிப்பவர்களும் குறைந்துபோகிறார்கள். சில பதிப்புகளுக்குப் பிறகு டெபியனும் ஸ்லக்கைக் கைவிட்டது. ஆனாலும் பெட்டி கடையிலிருந்து மறைந்த பிறகும் பல ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருந்தன.

உங்கள் வீட்டில் இப்படியொரு பழைய பெட்டி சும்மா கிடந்தால், தூக்கிப் போடும் முன் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: அதன் நுண்செயலி எது, நிறுவனம் மூல நிரலை வெளியிட்டிருக்கிறதா, தவறு நேர்ந்தால் பெட்டியை மீட்க வழி உண்டா. ஸ்லக்கில் மீட்பு வசதி இருந்தது. மின்சாரம் கொடுக்கும்போதே மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், துவக்க நிரல் புதிய மென்பொருளுக்காகக் காத்திருக்கும். துவக்க நிரலை அழிக்காதவரை பெட்டி சாகாது. பலகையில் தொடர் இணைப்புக்கான ஊசிகள் தென்பட்டால் இன்னும் நல்லது, பெட்டி துவங்கும்போது சொல்வதை எல்லாம் அதன் வழி படிக்கலாம். ஸ்லக்கில் அந்த ஊசிகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. பழைய மேசைக் கணினியின் தொடர் துளையை நேரடியாக அவற்றில் மாட்டிவிடாதீர்கள், பலகை கருகிவிடும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் கம்பி ஒன்று வேண்டும்.