மேடையில் இருப்பவருக்கும் உத்தரவு உத்தரவுதான்

இரவு 10 மணி தாண்டியும் கூம்பு ஒலிபெருக்கி அலறுகிறது. நிறுத்தச் சொல்லிக் காவலர் வந்தால், அது கோயில் கொடையோ, மீலாது கூட்டமோ, உபவாச ஜெபமோ, விழாவை நடத்துபவர் சொல்வது ஒன்றுதான்: "இது எங்கள் மத உரிமை." அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டே தருகிறது. சென்னை மெஜஸ்டிக் காலனிவாசிகள் ஒரு கிறிஸ்தவ சபையின் இரைச்சலை எதிர்த்து நடத்திய வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அதிகாரி சட்டப்படி பிறப்பித்த உத்தரவைத் தெரிந்தே மீறி, அதனால் பிறருக்கு இடையூறு வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் சாதாரண மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். உண்டியலில் ஒரு பக்தர் போடும் நோட்டு அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இத்தனை இருந்தும் இந்த வழக்குகள் பெரும்பாலும் நடைமுறையில்தான் சறுக்குகின்றன. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ மாஜிஸ்திரேட்டிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். போலீசார் தாங்களாகவே எஃப்.ஐ.ஆர். போட்டால் செல்லாது என்று ஜீவானந்தம் வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உத்தரவு குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரியும் என்பதையும் நிரூபிக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தார் என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. 2020 ஊரடங்கின்போது டெல்லி நிஜாமுதீன் மர்கஸ் என்ற இஸ்லாமிய மத மையத்தின் விவகாரத்தில் சிக்கிய 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மர்கஸில் தங்கியிருந்தது மட்டுமே தடையுத்தரவை மீறியதாகாது என்பது அதற்கு ஒரு காரணம். அவசரத்தில் ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றினால் வழக்கும் நிற்காது, உண்மையில் பொறுப்பானவரும் தப்பிவிடுவார்.

பாதிக்கப்பட்டவர் 100 அல்லது 112க்குப் பேசியதோடு விட்டுவிடாமல், நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, எழுத்துப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். என்ற புகார் ஏற்பு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. திருவிழாக் காலத்தில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் 10 மணிக் கட்டுப்பாட்டிலிருந்து நள்ளிரவு வரை அரசு விலக்குத் தரலாம் என்பதால், அப்படி ஏதும் தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. காவல் நிலையம் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே பிறக்கும் உத்தரவையும் மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு: 6 மாதம் வரை சிறை.

மதத் தலைவருக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. ஒரு மதத்தாரை மட்டும் குறிவைத்துத் தடை வந்தால் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போடலாம். ஆனால் அந்த உத்தரவுக்கு நீதிமன்றத்தின் தடையாணை கிடைக்கும்வரை அதை மீறக் கூடாது. ஒலிபெருக்கியில் சவால் விடுமுன், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி யார் கையெழுத்து, எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று பார்க்கட்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, அதாவது இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவுத் தடை என்றால், மாநில அரசு நீட்டிக்காதவரை 2 மாதத்தில் அது தானே காலாவதியாகிவிடும்.