வணிக வலைச் செயலிகளில் உலாவிச் செருகுநிரல்கள்

உலாவிச் செருகுநிரல் என்பது இணைய உலாவியால் தனியே செய்ய இயலாத பணிகளுக்காக அதனுடன் இணைக்கப்படும் துணை மென்பொருள் ஆகும். ஜாவா ஆப்லெட், ஆக்டிவ்எக்ஸ், அடோபி ஃபிளாஷ், மைக்ரோசாப்ட் சில்வர்லைட் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

பயன்பட்ட காரணம்

1990களில் வலைப்பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தும் படமுமாகவே இருந்தன. அசையும் வரைபடம், பெரிய கணக்குப் பட்டியல், கணினியுடன் இணைந்த கருவிகளை இயக்குதல் போன்றவற்றுக்குச் செருகுநிரல் தேவைப்பட்டது.

இந்தியாவில் இதன் தேவையை வணிகர்கள் உணர்ந்தது டிஜிட்டல் கையொப்பத்தில்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இக்கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. சிவகாசியில் உள்ள ஓர் அச்சகம் அரசின் மின் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்பதாகக் கொள்வோம். உரிமையாளரின் இரகசியத் திறவி யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். பாதுகாப்புக் கருதி வலைப்பக்கம் அதை நேரடியாக அணுக உலாவி அனுமதிப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஜாவா ஆப்லெட்.

கைவிடப்பட்ட விதம்

செருகுநிரல்களில் பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து கண்டறியப்பட்டன. ஐபோனில் ஃபிளாஷ் இயங்கவில்லை. 2014இல் எச்டிஎம்எல்5 சீர்தரமானது. 2015 செப்டம்பரில் குரோம், 2017 மார்ச்சில் பயர்பாக்சு ஆகியவை ஜாவா செருகுநிரலுக்கான ஆதரவை நீக்கின. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றும், சில்வர்லைட்டுக்கானது 2021 அக்டோபர் 12 அன்றும் முடிந்தன.

தளத்தை நடத்துபவர் எதையும் மாற்றாதபோதும், உலாவி புதுப்பிக்கப்பட்டதும் கையொப்பமிடும் பக்கம் இயங்காமல் போகலாம். ஒப்பந்தப்புள்ளியின் கடைசி நாளில் இவ்வாறு நேர்ந்தால் இழப்பு அச்சகத்துக்கே. இதற்கு அஞ்சிப் பழைய உலாவியையும் பழைய ஜாவாவையும் விட்டுவைத்த கணினிகள் பாதுகாப்பற்றவையாயின.

மாற்று வழி

சரக்கு மற்றும் சேவை வரித் தளத்தில் கையொப்பமிட எம்சைனர் என்னும் தனி மென்பொருள் பயன்படுகிறது. அது உலாவிக்கு வெளியே, கணினியிலேயே இயங்கி வலைப்பக்கத்துடன் தொடர்புகொள்கிறது. எனினும் நிறுவுதல், புதுப்பித்தல் ஆகிய பொறுப்புகள் பயனருக்கு இன்னும் உள்ளன.

மதிப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

* உலாவியே அப்பணியைச் செய்ய முடியுமா? முடியுமெனில் செருகுநிரல் தேவையில்லை.
* ஒரே நிறுவனத்தின் கையில் உள்ள தொழில்நுட்பமா, பொதுச் சீர்தரமா?
* கைபேசியிலும் வேறு இயங்குதளங்களிலும் இயங்குமா?
* ஆதரவு நின்றால் தரவுகளை வேறு செயலிக்கு மாற்ற இயலுமா?

வணிகச் செயலிகள் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருப்பவை. ஆகவே இன்றைய வசதியுடன், அத்தொழில்நுட்பம் எத்தனை காலம் ஆதரிக்கப்படும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.